ரத்தத்தில் இறங்கும் பூஞ்சை

நான் பி.காம். மூன்றாம் வருடம். டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது. இருந்தாலும் இந்தப் பதிவு பூஞ்சையைப் பற்றி. சித்தப்பாவுக்கு ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் வந்த பிறகு, டாக்டர்களிடமும் நர்ஸ் அக்காக்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

கீமோ கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் சேர்த்துக் கொல்கிறது. கிருமிகளை விழுங்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 1500-க்கு மேல் இருக்கும். 500-க்குக் கீழே போனால் ஆபத்து. சித்தப்பாவுக்குப் பல நாள் 100 கூட இல்லை.

கேண்டிடா என்ற பூஞ்சை காத்திருப்பது இதற்குத்தான். உங்கள் வாயிலும் என் குடலிலும் இப்போதே அது இருக்கலாம்; நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் கீமோவில் குடலின் உள்தோல் புண்ணாகிறது. ஆன்டிபயாட்டிக் ஏறியதும் அதற்குப் போட்டியாக இருந்த பாக்டீரியாக்கள் சாகின்றன. காவலுக்கு வெள்ளணுவும் இல்லை. நேராக ரத்தத்தில் இறங்கிவிடுகிறது.

வெளியே தெரிவது காய்ச்சல் மட்டும்தான். ஆன்டிபயாட்டிக் போட்டும் நான்கைந்து நாள் இறங்காத காய்ச்சல். பிளட் கல்ச்சர் எடுப்பார்கள். ஆனால் இந்தத் தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதில் ஒன்றும் வளராது. அதனால் ரிசல்ட் வரும் முன்பே பூஞ்சை மருந்தை ஆரம்பிக்கிறார்கள். "இன்னும் உறுதியாகவில்லையே, எதற்கு இவ்வளவு விலையில் ஊசி?" என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு வந்தது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடங்கினோம்.

பூஞ்சைக்கு மருந்துகளும் குறைவு. பாக்டீரியாவைவிடப் பூஞ்சை நமக்கு நெருங்கிய சொந்தம். அதன் செல்லைக் கொல்வது நம் செல்லையும் தொடும். 1950-களில் கண்டுபிடித்த ஆம்போடெரிசின் பி இன்றும் பயன்படுகிறது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காஸ்போஃபங்கின் பூஞ்சையின் செல்சுவரைத் தாக்குகிறது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது என்பதால் உடம்பு தாங்கும். சித்தப்பாவுக்கு ஏறியது அதுதான்.

மூன்றாம் நாள் கல்ச்சரில் கேண்டிடா வந்தது. ரத்தம் சுத்தமான பிறகும் இரண்டு வாரம் மருந்து ஏறியது. பூஞ்சை போய்விட்டது. ஆனால் அதற்குள் அடுத்த கீமோ தள்ளிப்போய், நோய் திரும்பிவிட்டது. போன ஆவணியில் சித்தப்பா போய்விட்டார். சான்றிதழில் ரத்தப் புற்றுநோய் என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் பூஞ்சையின் பெயர் எங்குமே இல்லை. அதனால்தான் இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது கீமோவில் இருந்தால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பார்க்கப் போகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.