நீர்கொழும்புக் கடலில் ஒரு பாய்வள்ளப் பயணம்

மத்தியதரைக் கடலின் கரையோரமாக நண்பர்கள் கூடிப் பாய்க்கலம் ஏறி, தீவு தீவாகச் சென்று விடுமுறையைக் கழிப்பது மேனாட்டார்க்கு உவப்பான பொழுதுபோக்கு. ஆசிரியத் தொழிலை நம்பி வாழும் நம்மனோர்க்குக் கிரேக்கத் தீவுகள் எட்டாக்கனியே. ஆயினும், வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறி ஒரு மாலைப் பொழுதிலேயே சென்று சேரக்கூடிய நீர்கொழும்பில், பாய்விரித்துக் கடலோடும் கலை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அதனைக் காணும் விருப்புடன் மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நாம் நால்வர் புறப்பட்டோம். கொட்டாஞ்சேனை நண்பர் இருவர் கோட்டை நிலையத்தில் வந்து கூடினர். அவருள் ஒருவர் தீவிர மரக்கறி உணவினர். மீன் மணக்கும் ஊரை நம்பாது, மாசி கலவாத சம்பலும் இடியப்பமும் வீட்டிலிருந்தே பொதிகட்டி வந்திருந்தார். இரவில் அப்பொதியின் பெரும்பகுதியை உண்டு தீர்த்தவர்கள் ஏனைய ஐவருமே என்பதனை இங்கு சொல்லியாக வேண்டும்.

மறுநாள் விடியுமுன் கடற்கரையை அடைந்தோம். இக்காலத்தில் இரவிலே தரை கடலைவிட விரைந்து குளிர்வதால், விடியற்காலையில் காற்றுக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறித் தரை சூடானபின் அதே காற்றுத் திசைமாறிக் கடலிலிருந்து கரைக்கு வரும். முன்னதில் போய்ப் பின்னதில் திரும்புவது பாய்வள்ளக்காரரின் பழைய கணக்கு. எண்ணெயும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

சிங்களத்தில் 'ஒருவ' எனப்படும் இவ்வள்ளத்தைப் பயணிகள் 'கட்டமரான்' என அழைக்கின்றனர். கட்டுமரம் என்ற நம் சொல் உலகெல்லாம் சுற்றிவிட்டு, வேறொரு கலத்தின் பெயராக இங்கேயே திரும்பி வந்திருப்பது வேடிக்கைதான். வள்ளத்தின் உடல், கால்களை நுழைத்து அமர மட்டுமே இடந்தரும் ஒடுக்கமுடையது. அது கவிழாமற் காப்பது, இரு வளைந்த கம்புகளால் ஒருபக்கம் பிணைக்கப்பட்டு நீரில் மிதக்கும் மரம். மரபான வள்ளங்களில் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றினாலேயே தைக்கப்பட்டன. நாம் மூவர் மூவராக இரண்டு வள்ளங்களில் ஏறினோம்.

கரை மங்கிய பின்னரே இக்கலத்தின் நுட்பம் புலனாயிற்று. மிதப்பு மரம் எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். ஆகவே எதிர்த்திசையிற் செல்ல நேர்ந்தால் வள்ளத்தைத் திருப்புவதில்லை; பாயையும் சுக்கானையும் மறுமுனைக்கு மாற்றிவிடுகின்றனர். அணியம் அமரமாகிறது, அமரம் அணியமாகிறது. காற்று வலுத்தபோது, எம்மை அழைத்துச் சென்ற பெரியவரின் உதவியாளன் அக்கம்பின்மீது நடந்து சென்று, தன் உடற்பாரத்தினால் மிதப்பு மரத்தை நீரில் அழுத்தி நின்றான். அவனுடைய கால்களுக்குக் கீழே நுரை பறந்தது. எம்முள் கணிதம் கற்பிக்கும் நண்பர் நெம்புகோல் தத்துவத்தை விளக்கத் தொடங்கினார். அலையொன்று அவர் வாயை அடைத்தது.

உரோம அறிஞர் பிளினி கி. பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் நூலில், இத்தீவின் கப்பல்களுக்கு இருமுனையிலும் அணியம் உண்டென்றும், ஒடுங்கிய நீர்வழிகளில் திருப்ப வேண்டாதிருத்தற்கே அவ்வாறு அமைத்தனர் என்றும் குறித்துள்ளார். அவர் கூறியது பெருங்கப்பல்களையே. எனினும் அவ்வமைப்பினை நம் கண்முன் கண்டபோது வியப்பு மேலிட்டது. மத்தியதரைக் கடலில் உரோமக் கடற்படை ஒன்றுக்குத் தலைமை தாங்கி, கி. பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த அம்மனிதர், தாம் ஒருநாளும் காணாத நம் கடலைப் பற்றி எழுதினார். அக்கடலருகே வாழும் நாமோ வள்ளம் ஒன்றில் ஏற நாற்பது வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

பெரியவர் எம்மோடு பேசியது தமிழில். யாழ்ப்பாணத் தமிழுமன்று, கொழும்புத் தமிழுமன்று. சில முடிபுகள் முதலில் விளங்கவில்லை, ஆயினும் செவிக்கு இனிமையாயிருந்தது. நீர்கொழும்புக் கரையின் கத்தோலிக்க மீனவர் பலருக்குத் தமிழே வீட்டுமொழியாயிருந்தது. கடந்த நூற்றாண்டில் இக்கரையோரப் பாடசாலைகளிற் போதனாமொழி சிங்களமாயிற்று. 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின், உத்தியோகம் வேண்டுவோர்க்கு எம்மொழி பயன்படும் என்பதில் ஐயமும் இருக்கவில்லை. நகரில் விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி தமிழ்ப் பிள்ளைகளுக்காக இருக்கிறது. ஆனால் இப்பெரியவரின் குடும்பத்தில் எவரும் தமிழில் எழுதப் படித்ததில்லையாம். அவருக்கே தமிழ் எழுத்துத் தெரியாது. பேச்சு மட்டும் தாயிடமிருந்து வந்தது.

"பிள்ளைகளோடு எந்த மொழியிற் பேசுவீர்கள், ஐயா?" என்று கேட்டோம்.

"கடலுக்குள்ளே தமிழ், மாஸ்டர். கரைக்கு வந்தாற் சிங்களம். மூத்தவனுக்கு விளங்கும், பேசமாட்டான். பேரப்பிள்ளைகளுக்கு விளங்காது" என்றார். குரலில் வருத்தமும் இல்லை, முறைப்பாடும் இல்லை. தமிழ் கற்பித்து ஊதியம் பெறும் எமக்குத்தான் சிறிதுநேரம் பேச்சு வரவில்லை.

அவரது கவலை வேறு. 2021 ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது, பிளாத்திக்கு மணிகள் இக்கரையெங்கும் ஒதுங்கின, மீன்பிடியும் தடைப்பட்டது. அதன்பின் மகன் வள்ளத்தை விட்டுக் கூலிவேலைக்குப் போய்விட்டான். தொழிலில் நிலைத்தோரும் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளையே நாடுகின்றனர். பாய் கட்டத் தெரிந்த இளைஞர் அருகிவிட்டனர். எம்போன்ற பயணிகள் வருவதனாலேதான் இவ்வள்ளம் இன்னும் விறகாகவில்லை என்றார்.

நண்பகலுக்கு முன்பே கடற்காற்று எழுந்தது. ஒல்லாந்தர் கோட்டை இருக்கும் திசையை அவர் கையாற் காட்டினார். 1678 என்னும் ஆண்டு பொறித்த அதன் வாயில் இன்று சிறைச்சாலையின் வாயிலாக இருக்கிறது. காற்று எம்மை நேரே மணலில் கொண்டுசேர்த்தது. வள்ளத்தை இழுக்கப் பேரன் ஓடிவந்தான். பேசிய கூலிக்குச் சற்று அதிகமாகவே கொடுத்தோம். பெரியவர் தாள்களை ஒன்று, இரண்டு எனத் தமிழில் எண்ணி முடித்துப் பேரனிடம் நீட்டினார். அவன் அவற்றைச் சிங்களத்தில் மறுபடியும் எண்ணிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினான்.