எந்தக் கார் காயலான் கடைக்கு, எந்தக் கார் கண்காட்சிக்கு?

செங்கோட்டை தாண்டி கொல்லம் ரோட்டில் கேரளா போகிறவர்களுக்குப் புளியறை சோதனைச் சாவடி தெரிந்திருக்கும். குற்றால சீசனில் இரண்டு மாநிலத்து கார்களும் அங்கே வரிசை கட்டி நிற்கும். இன்றைக்கு அந்த வரிசையில் வெள்ளை கார்தான் அதிகம். எது எந்த மாடல் என்று கண்டுபிடிக்க, பின்னால் போய் பெயரைப் படித்தால்தான் உண்டு!

இதில் எந்தக் காரை 2070-இல் ஒருவர் துடைத்துப் பளபளப்பாக்கி, கண்காட்சிக்குக் கொண்டு போவார்?

"விலை அதிகமான கார்தான்" என்று சட்டென்று பதில் வரும். ஆனால் பழைய கதைகள் அப்படிச் சொல்லவில்லை. மும்பையின் கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு நின்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 20 வருட வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் கடைசி வண்டியும் ஓய்வு பெற்றபோது ஊரே உருகியது. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கதையும் இதேதான். பிளாஸ்டிக் மாதிரியான பாடி, பின்னால் ஒரே புகை. 30 லட்சத்துக்கு மேல் தயாரித்தார்கள். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்ததும் அதைக் கேட்பாரில்லை. இன்றைக்கு அதற்கு கிளப்பும் இருக்கிறது, மியூசியமும் இருக்கிறது.

ஆக, ஒரு கார் கிளாசிக் ஆக மூன்று விஷயம் வேண்டும். ஒரு தலைமுறையின் நினைவில் அது இருக்க வேண்டும். மிச்சம் கொஞ்சமாக இருக்க வேண்டும். முக்கியமாக, ரிப்பேர் பண்ண முடிய வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் இன்றைய கார்கள் மாட்டிக்கொள்கின்றன. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-இல் தயாரிக்கத் தொடங்கிய ஹெரால்டு இன்றும் ஓடுகிறதென்றால், கார்பரேட்டரைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும் என்பதால்தான். பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். இப்போது வரும் கார் பாதி கம்ப்யூட்டர். 40 வருடம் கழித்து அந்த சிப் எங்கே கிடைக்கும்? தொடுதிரையை எந்த லேத்தில் கடைவது?

அடுத்தது சட்டம். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய, பெரிதாக எதையும் மாற்றாத வண்டிதான் 'விண்டேஜ்'. ரூ.20,000 கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்கு ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

ஆனால் சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம்தான். அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் ரூ.600-இலிருந்து ரூ.5,000 ஆனது. 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆனது. 15 வயதிலிருந்து 50 வயது வரை ஏழு முறை புதுப்பிக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், இன்றைய கணக்கிலேயே ரூ.65,000! டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. இதில் புளியறை மாதிரி மலையடிவார ஊர் என்றால் சாரல் வேறு. கதவுக்கு அடியில் துரு பிடித்தால் டிங்கரிங் செலவும் சேரும்.

அதாவது, கிளாசிக் ஆவதற்கு முன்னால் ஒரு கார் 35 வருடம் வெறும் 'பழைய கார்' ஆக இருந்து தொலைக்க வேண்டும். பெரும்பாலான கார்கள் அந்த இடைவெளியில்தான் செத்துப்போகின்றன.

சரி, எது தேறும்?

1. முதல் மாருதி 800: 1983 டிசம்பரில் வந்த அந்தப் பெட்டி மாடலுக்கு 2033-இல் 50 வயது. விற்பனையான முதல் காரே, உரிமையாளர் 2010-இல் இறந்த பிறகு வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு கம்பெனியே சரிசெய்து தன் தலைமை அலுவலகத்தில் வைத்திருக்கிறது.

2. டாடா சியரா, 1991: பின்பக்கம் திறக்கவே முடியாத பெரிய கண்ணாடி. 2025 நவம்பரில் அதே பெயரில் புது கார் விட்டபோது, அந்தக் கண்ணாடியின் சாயலையும் மறக்காமல் கொண்டுவந்தார்கள்.

3. ரேவா, 2001: பெங்களூரில் தயாரித்த குட்டி எலெக்ட்ரிக் கார். அன்றைக்குப் பார்த்துச் சிரித்தார்கள். இன்றைக்கு எல்லோரும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

4. முதல் ஸ்விஃப்ட், 2005: எங்கே பார்த்தாலும் ஸ்விஃப்ட் என்பதால் யாருமே பாதுகாக்க மாட்டார்கள். அதனாலேயே பத்மினி மாதிரி திடீரென்று காணாமல் போகும்.

5. டாடா நானோ, 2009: லட்ச ரூபாய் கார் என்ற ஒரு பேச்சு போதும், சரித்திரத்தில் இடம் உண்டு.

6. மஹிந்திரா தார், 2020: இதில் ஒரு வேடிக்கை. வாங்கியவுடன் டயர், பம்பர், லைட் என்று எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். ஆகவே 2070-இல், ஒன்றுமே செய்யாத தார்தான் அபூர்வம்!

ஆனால் இந்தப் பட்டியல் பலிப்பதும் பலிக்காததும் கார் கம்பெனி கையில் இல்லை. பதினைந்தாம் வருடம், ஆர்.சி. முடிகிற மாதத்தில், "இதை என்ன செய்யலாம்?" என்று வீட்டில் நடக்கிற ஒரு பேச்சில்தான் இருக்கிறது. பெரும்பாலும் வெல்வது காயலான் கடைதான். அதில் தப்பும் இல்லை. கார் நிறுத்த ஷெட் வேண்டும், காசு வேண்டும், பழைய கார் புகையும் விடும். எல்லா காரையும் காப்பாற்ற முடியாது.

ஆனால் அப்பா முதன்முதலாக வாங்கிய கார் இன்னும் வாசலில் நிற்கிறது என்றால், எடைக்குப் போடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். 50-க்கு இன்னும் எத்தனை வருடம் என்று எண்ணுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும், எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள்.