நன்னிலத்தில் மலைகள்

நன்னிலத்தில் மலை கிடையாது. தாலுகா முழுக்கத் தேடினாலும் கோபுரத்தையும் வைக்கோல் போரையும் விட்டால் நிமிர்ந்து பார்க்க அதிகம் இல்லை. ஆனால் ஆறு வயதைத் தொட்ட குழந்தையிடம் தாளைக் கொடுத்தால் முதலில் இரண்டு முக்கோணங்கள் வருகின்றன. நடுவே அரைச் சூரியன், கீழே வளைந்த ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. 'இயற்கைக் காட்சி' என்று இதற்குப் பெயர்.

எங்கள் வீட்டில் வங்கிக் காலண்டரின் பின்பக்கம்தான் சித்திரத்தாள். வழவழப்பில் கிரேயான் வழுக்கும். வாட்டர் கலர் ஒட்டாமல் திரளும். எனவே பாதி வேலை தரையில், செங்கல் துண்டும் கரியும் கொண்டு நடக்கிறது. விடுமுறை நாட்களில் நானும் உட்கார்ந்து வரைகிறேன். எனக்கு வரைய வராது என்பது ஒரு வசதி. யாரும் என்னைப் பார்த்து எழுதுவதில்லை.

நாலு வயதில் என் மகள் பூந்தோட்டத்து அரசலாற்றை வரைந்தாள். ஆறு மேலிருந்து பார்த்த மாதிரி, பாலம் பக்கவாட்டில். ரயிலுக்குச் சக்கரங்கள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. பெட்டிக்குள் பாட்டி, பாட்டியின் பைக்குள் டின், டின்னுக்குள் முறுக்கு எல்லாம் தெரிந்தன. குழந்தை பார்ப்பதை அல்ல, அறிந்ததை வரைகிறது என்று 1927இல் லூக்கே எழுதினார். கண்ணுக்குத் தெரிகிறபடி வரையும் யதார்த்தம் பிறகு வருமாம், கிளார்க்குக்குப் பதவி உயர்வு வருகிற மாதிரி. என் வீட்டில் பிறகு வந்தது மலை. அவள் பார்த்ததும் இல்லை, அறிந்ததும் இல்லை.

"இது எந்த மலை பாப்பா?"

"மலைப்பா. படத்துலல்லாம் இருக்குமே, அது."

இதற்குப் பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்வது சுலபம். படம் என்பது மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மொழியையும் அப்படித்தான் கற்றாள். ஆனாலும் முறுக்கு டின் போனது எனக்கு நஷ்டமாகவே படுகிறது.

நவீன ஓவியத்தைக் 'குழந்தையின் கோடு' என்று புகழும் வழக்கம் நம்மிடம் உண்டு. பால் க்ளே 1911இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தபோது சிறுவயதுப் படங்களையும் சேர்த்துக்கொண்டார். சேர்த்தவர் முப்பதைத் தாண்டிய க்ளே. குழந்தைக்குப் பட்டியல் கிடையாது. வரைந்து முடித்த தாளை என் மகள் திரும்பிப் பார்ப்பதில்லை. எடுத்து வைக்கிறவன் நான்தான்.

திருவாரூர் தேவாசிரிய மண்டபத்துக்கு இருவரையும் அழைத்துப் போனேன். 17ஆம் நூற்றாண்டு விதானத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. படங்களோடு தமிழில் விளக்கமும் உண்டு. அவள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள்.

"ஏன்ப்பா எழுதியிருக்கு?"

"பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல."

"வரைஞ்சவங்களுக்குத்தான் தெரியுமே."

ஆனால் அன்றிலிருந்து அவளும் பெயர் எழுதுகிறாள். மலைக்குக் கீழே 'மலை', ஆற்றுக்குக் கீழே 'ஆறு'.

போன ஞாயிற்றுக்கிழமை இளையவன் கூடத்தில் கரியால் வட்டத்தின்மேல் வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தான். மூன்றரை வயது. இவள் போய்க் குனிந்து, "என்னடா இது?" என்றாள்.

கையை நிறுத்தாமல், "சுத்துது" என்றான்.

"அப்ப காத்தாடி," என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி எழுத ஆரம்பித்தாள். 'டி' எழுதி முடிப்பதற்குள் அவன் வட்டம் 'கா'வின்மேல் ஏறிவிட்டது.