மசுக்குட்டியின் தாய்

தெல்லிப்பழையிலே முருங்கை நில்லாத வளவு அரிது. முருங்கை நின்றால் மாரியில் மசுக்குட்டியும் வந்துவிடும். மயிர்க்கொட்டி என்பாரும் கம்பளிப்புழு என்பாரும் உளர். புழுவுக்கு இத்தனை பெயர் வழங்கும் எம்மவர், அதனை ஈன்ற பூச்சிக்குத் தனிப்பெயர் ஒன்றும் வைத்திலர். வகுப்பிலே ஒருநாள், "மசுக்குட்டியின் தாய் யாது?" என வினவினோம். மாணவர் ஒருவரையொருவர் நோக்கினர். ஒருவன் மாத்திரம், "பெரிய மசுக்குட்டி, சேர்" என்றான்.

தாய் ஒரு விட்டில். உருவிற் பெரியது, மஞ்சள் கலந்த வெளிர் கபில நிறச் சிறகுகளை உடையது. யூப்டெரோட்டே மொலிபெரா என்பது விஞ்ஞானிகள் இட்ட பெயர். மழை விழுந்தபின் விளக்கொளியை நாடி வரும். கண்ணால் அழிவதற்கு உதாரணமாக விட்டிலைப் பாடஞ் சொல்கிறோம். அது எங்கிருந்து வந்ததென்பது பாடத்தில் இல்லை.

இலைகளிலும் இளங்கொம்புகளிலும் அது கூட்டமாக முட்டையிடும். பொரித்த புழுக்களும் கூடியே வாழும். இலையைத் தின்னும், பட்டையைச் சுரண்டும். பகலில் அடிமரத்தில் ஒன்றன்மேலொன்றாய் அப்பிக் கிடக்கையில், மரத்துக்குச் சடை முளைத்தது போலிருக்கும். மேனியிற் பட்டாலோ சுணை ஏறித் தோல் தடித்துக் கடிக்கும். காவோலைச் சூள் கொளுத்தி எரிப்பது ஊர் வழக்கம். அதில் மரப்பட்டையும் கருகிப்போவதுண்டு. முற்றிய புழு மரத்தைவிட்டு இறங்கிச் செம்மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே கோடையில் மரத்தடியைக் கொத்திப் புரட்டிவிட்டால், மிகுதியை வெயிலும் கோழியும் பார்த்துக்கொள்ளும். சூளினும் இதுவே மேலென்பது எமது கருத்து. கேட்பார்தாம் இல்லை.

1990 யூனில் ஊர் பெயர்ந்தபோது நாம் சிறுவராயிருந்தோம். ஊரின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. 2015 இல் எமது காணி விடப்பட்டபோது வேலியுமில்லை, கிணற்றுக்கு வழியுமில்லை, எங்கும் பற்றைக்காடு. துப்புரவாக்கி முதலில் நட்டவை, மல்லாகத்து உறவினர் வளவில் வெட்டிவந்த முருங்கைக் கதியால்கள். அவை தழைத்து, வீட்டுக்கு மின்விளக்கும் வந்தபின், மூன்றாம் மாரியில் ஒருநாட் காலை அடிமரங்கள் சடைத்திருக்கக் கண்டோம். எந்த வளவிலிருந்து பறந்து வந்ததோ அந்த விட்டில்!

நாம் சூளோடு போனோம். அம்மா மரத்தடியில் நெடுநேரம் நின்றார்.

"இப்பதான் இது எங்கட வளவு மாதிரிக் கிடக்கு" என்றார். கொளுத்த விடவில்லை.

அவ்வாண்டு ஒரு கறிக்குத்தானும் முருங்கையிலை மிஞ்சவில்லை. மறு மாரியில் அம்மாவே சூள் கட்டினார்.