ஓனர் பூட்டிவிட்டுப் போன ரூம்

பெங்களூர் அடுகோடியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார். பேசிப் பேசி அதை ஆறுக்கோ ஐந்துக்கோ இறக்கிச் சாவியை வாங்கி உள்ளே போனால், ஒரு ரூம் மட்டும் பூட்டிக் கிடக்கும். "நம்ம பழைய சாமான் கொஞ்சம் இருக்கு, அதைத் தொடாதீங்க" என்பார். வாடகை முழு வீட்டுக்கு, புழக்கம் முக்கால் வீட்டில்.

மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சந்தொன்றில் பிளவுஸ் தைக்கும் ஓர் அம்மாவுக்கு, கோரமங்கலாவில் கணக்கு வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வாங்கித் தந்த போனும் அப்படிப்பட்ட வீடாகத்தான் இருந்தது. விலை ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். 3 ஜிபி ரேம், 32 ஜிபி இடம். பொங்கல் தாண்டுவதற்குள் அது திணற ஆரம்பித்தது. வாடிக்கைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் டிசைன் படங்கள் இறங்க மறுத்தன. பட்டனைத் தொட்டால் போதும், லாக் ஸ்கிரீனில் ஒரு நடிகை வந்து நின்று எதையாவது வாங்கச் சொன்னாள்.

"இன்னாடா இது, நான் கூப்புடாமலே தினம் ஒருத்தி வந்து குந்திக்கினு கீறா" என்றார் அம்மா.

மகன் எண்ணிப் பார்த்தான். பிரவுசர் மூன்று, ஆப் கடை இரண்டு, பாட்டு கேட்க இரண்டு, வீடியோ பார்க்க இரண்டு, விளையாட்டுக்கென்று ஒரு கூடம், கடன் தருவதாகக் கூவும் ஆப் ஒன்று. அம்மா இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை, திறந்ததில்லை. ஐகானை அழுத்திப் பிடித்தால் சிலவற்றுக்கு 'அன்இன்ஸ்டால்' என்ற சொல் வந்தது. பலவற்றுக்கு வரவில்லை. சிலவற்றில் 'டிசேபிள்' என்ற பட்டன்கூட சாம்பல் பூத்துச் செத்துக் கிடந்தது. ஓனர் பூட்டிவிட்டுப் போன ரூம் அதுதான்.

அந்த ரூமின் சாவிக்குப் பெயர் ரூட். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்ற எண்ணுக்கு உரியவர் ரூட், அவருக்குத் தடையே கிடையாது. ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் ஆப்பும் தனி எண்ணோடு தனிச் சுவருக்குள் குடியிருக்கிறது. போனை விலை கொடுத்து வாங்கியவருக்கும் குடியிருப்பவரின் உரிமைதான். 0 என்ற எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை.

ஆரம்ப காலத்தில் இந்தச் சாவி வாசல்படியிலேயே கிடந்தது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் கீபோர்டில் எதைத் தட்டினாலும், திரையில் தெரிவது போக, பின்னால் ரூட் அதிகாரத்தோடு காத்திருந்த ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. அரட்டையில் யாரோ 'ரீபூட்' என்று டைப் செய்ய, போன் நிஜமாகவே அணைந்து மறுபடி எழுந்தது. கூகுள் ஓட்டையை அடைத்தது. அன்று தொடங்கிய கண்ணாமூச்சி ஆட்டம் இன்றுவரை ஓயவில்லை.

மலிவு போனில் மட்டும் ஏன் இத்தனை அழையா விருந்தாளிகள்? கணக்கு எளிது. 2018 ஏப்ரலில் ஷாவ்மியின் தலைவர் லேய் ஜுன், வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்கமாட்டோம் என்று அறிவித்தார். போனில் கிடைக்காத காசை விளம்பரத்திலும் ஆப்களிலும் எடுத்தாக வேண்டும். இது ஒரு கம்பெனியின் வழி மட்டும் இல்லை, பத்தாயிரத்துக்குக் கீழே போன் விற்கும் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இதுதான் வழி. ஏழாயிரம் ரூபாய் போனின் மீதி விலையை அந்த நடிகை தினமும் லாக் ஸ்கிரீனுக்கு வந்து கட்டிக்கொண்டிருக்கிறாள்.

வேறு வழி முயன்று பார்க்கப்படாமல் இல்லை. 2014 செப்டம்பர் 15 அன்று கூகுள் இந்தியாவில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தைத் தொடங்கியது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் 6,399 ரூபாயிலிருந்து போன் விற்றன, மென்பொருள் கூகுளுடையது. வீடு சுத்தமாக இருந்தது, ஆனால் மொத்த இடமே 4 ஜிபி. அதே மாதம் 5,999 ரூபாய்க்கு வந்த ரெட்மி 1எஸ் 8 ஜிபி தந்தது. ஃபிளிப்கார்ட்டில் சில நொடிகளில் விற்றுத் தீர்ந்தது. சுத்தமான சின்ன வீட்டையும் சாமான் அடைத்த பெரிய வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சனம் எதை எடுக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த டிசம்பரில் மைக்ரோமேக்ஸின் யூ நிறுவனம் 8,999 ரூபாய்க்கு யுரேகா போனைக் கொண்டுவந்தது. ரூட் செய்கிறவர்கள் கொண்டாடிய சயனோஜென் மென்பொருளை உள்ளேயே வைத்து விற்றது. இரண்டே வருடத்தில் சயனோஜென் கடையை மூடிவிட்டது.

விருந்தாளிகள் எல்லாரும் விளம்பரத்தோடு நிற்பவர்களும் அல்ல. 2016 நவம்பரில் அமெரிக்காவில் ப்ளூ ஆர்1 எச்டி என்ற மலிவு போனைச் சோதித்த கிரிப்டோவயர் நிறுவனம், போனோடு வந்த அடப்ஸ் என்ற அப்டேட் மென்பொருள் பயனரின் குறுஞ்செய்திகளைச் சீனாவில் இருந்த சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது. பிறகு மாட்ரிட்டில் ஓர் ஆய்வுக்குழு 214 பிராண்டுகளின் 1,700க்கும் மேற்பட்ட போன்களைத் திறந்து, அவற்றோடு வந்த 82,000க்கும் மேற்பட்ட ஆப்களை அலசியது. வாங்கியவருக்குத் தெரியாத பல கைகள் அந்த ஆப்களுக்குள் இருந்தன.

இதையெல்லாம் படித்து முடித்த மகனுக்குக் கை பரபரத்தது. அப்பா தடுத்தார். அவர் லாரிகளின் டீசல் பம்ப் பிரித்து மாட்டும் பட்டறையில் முப்பது வருடம் உழைத்தவர். இந்தப் பேட்டையில் பம்ப் என்றால் மைக்கோ. 1951இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பட்டறைக்காரர் வாயில் இன்னும் மைக்கோதான். பம்பை அளந்து சரிசெய்து ஈயத்தால் ஒரு சீல் அடித்து அனுப்புவார்கள். மலை ஏற வண்டி இழுக்கவில்லை என்று டிரைவர் அந்தச் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைப்பார். வண்டி இழுக்கும். கூடவே கரும்புகை வரும், வாரண்டி போகும்.

"உன் போன்லயும் சீல் கீதா?" என்றார் அப்பா.

இருக்கிறது. பூட்லோடர் என்று பெயர். அதைத் திறக்காமல் இன்று பெரும்பாலும் ரூட் வழியே நடக்க முடியாது. திறந்த நொடியில் போனில் உள்ள படம், எண், செய்தி எல்லாம் அழியும்; திருடன் கையில் போன் சிக்கினால் உள்ளிருப்பது தப்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சில கம்பெனிகள் திறக்கவே விடுவதில்லை. ஷாவ்மி 168 மணி நேரம், அதாவது முழுசாக ஒரு வாரம், காக்க வைத்த காலம் உண்டு. சாம்சங்கோ சிப்புக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் வைத்திருக்கிறது. ஒருமுறை எரிந்தால் அதற்கு மறுபிறப்பு இல்லை.

அம்மாவின் போனைத் தொடாமல், மகன் தன் போனில் முதலில் ஒத்திகை பார்த்தான். காத்திருந்து பூட்டைத் திறந்தான். போனின் பூட் கோப்பை எடுத்து மேஜிஸ்க் என்ற கருவியால் ஒட்டுப்போட்டுத் திரும்ப ஏற்றினான். தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016இல் வெளியிட்ட கருவி அது. பெயரின் பொருள் மாயமுகமூடி. சிஸ்டம் பகுதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மேலே ஒரு திரையை விரித்து வேலை செய்யும். அவரைக் கூகுளே 2021இல் தன் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டது. படியில் கால் இடறினால் போன் எழாது. அதை அந்தத் தொழிலில் 'பிரிக்' என்பார்கள், தமிழில் செங்கல். மகன் செங்கல் சுடாமல் தப்பினான். அதிலும் இருந்த விளம்பரம் போயிற்று, கடன் ஆப் போயிற்று, மூன்று பிரவுசரில் இரண்டு போயிற்று.

இடம் மட்டும் கூடவில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போனோடு வந்த ஆப் குடியிருப்பது சிஸ்டம் பகுதியில். நம் படமும் பாட்டும் குடியிருப்பது டேட்டா பகுதியில். நடுவில் சுவர். ஓனர் ரூமின் பூட்டை உடைத்து அவர் கட்டிலை வெளியே போட்டாலும் அந்த ரூம் நம் ஹாலோடு சேராது. புது ஆண்ட்ராய்டுகளில் சிஸ்டம் பகுதி எழுதவே முடியாதபடி வருகிறது, ஆப்பை அங்கே நிஜமாக அழிப்பதும் அரிது. நம் இடத்தைத் தின்பது அந்த ஆப்புக்கு மாதாமாதம் வந்து சேரும் அப்டேட். அது நம் ஹாலில்தான் படுக்கை விரிக்கிறது. அதைக் கழற்ற ரூட் தேவையில்லை.

மறுநாள் காலை பால் வாங்கப் போனவனுக்கு அடுத்த பாடம் காத்திருந்தது. க்யூஆரை ஸ்கேன் செய்தான். போன் பாதுகாப்பாக இல்லை என்று சொல்லி ஆப் கதவைச் சாத்திக்கொண்டது. கடைக்காரர் சவுண்ட் பாக்ஸைப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. "பந்தில்லா சார்" என்றார், பணம் வரவில்லை என்று கன்னடத்தில். பின்னால் நான்கு பேர் நின்றார்கள். பையில் பத்து ரூபாய்கூட இல்லை.

ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ரூட் அதிகாரம் நம் கையில் இருந்தால், நம்மை ஏமாற்றி உள்ளே வரும் திருட்டு ஆப்பின் கைக்கும் அது போகலாம். ஆப்களுக்கு நடுவே உள்ள சுவர்கள் 0 என்ற எண்ணுக்கு முன்னால் நிற்காது. ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப்பரிமாற்றப் பாதுகாப்பு விதிகளில், போன் ரூட் ஆகியிருக்கிறதா என்று சோதித்து, ஆகியிருந்தால் ஆப் இயங்காமல் தடுக்க வழி உண்டா என்று வங்கிகள் ஆராயலாம் என ஒரு வரி இருக்கிறது. காபி முதல் காய்கறி வரை க்யூஆரில் ஓடும் ஊரில் அந்த ஒரு வரியின் கனம் பெரிது. பையன் கடன் சொல்லிப் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சாயங்காலத்துக்குள் ரூட்டைக் கழற்றிப் பூட்டைத் திரும்பப் பூட்டினான். போன் மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டது.

அம்மாவின் போனுக்கு அவன் எடுத்த வழி வேறு. செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால், நீங்கள் இப்போது டெவலப்பர் என்று போன் பட்டம் கொடுக்கும். பிறகு யுஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்து கேபிளை லேப்டாப்பில் சொருகி, ஏடிபி என்ற கூகுளின் சொந்தக் கருவியில் ஒரு வரிக் கட்டளை. இன்ன ஆப்பை 'யூசர் 0'க்கு மட்டும் நீக்கு என்பது அதன் பொருள். இந்த 0 ரூட்டின் 0 இல்லை, போனின் முதல் பயனர் என்ற எண். ஆப் சிஸ்டத்தில் தூங்கும். அம்மாவின் கண்ணில் படாது, பின்னால் ஓடாது, பேட்டரியைத் தின்னாது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் எழுந்து வந்துவிடும். சீலை உடைக்காத வைத்தியம். அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொன்றுக்கும் 'சக்சஸ்' என்று பதில் வந்தது. பத்தாவதில் கை நீண்டு கேலரியையும் தூக்கிவிட்டான். கேமராவில் எடுத்த படத்தைத் தொட்டால் திறக்கவில்லை. ஏற்கெனவே உள்ளதைத் திரும்ப நிறுவு என்று இன்னொரு வரி தட்ட, கேலரி வந்து சேர்ந்தது. கடைசியில் அப்டேட்களையும் கழித்ததில் நான்கு ஜிபி வெளிச்சம் கண்டது.

இந்த ரூம் தகராறு கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் ஆப்களைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் உத்தரவுகளில் ஒன்று. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. நீக்கும் உரிமை அந்த நான்கில் போயிற்று. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் பெரிய கம்பெனிகள் அதே உரிமையைப் பயனருக்குத் தருவதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. சாமான் வைக்கும் ஆசை கம்பெனிக்கு மட்டும் உரியதும் அல்ல. 2025 நவம்பர் கடைசியில் அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புது போனிலும் வைத்தே விற்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது வெளியே தெரிந்ததும் பெரிய சத்தம் கிளம்பியது. டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயம் வாபஸ்.

ஒரு வாரம் கழித்து அம்மா போனை மகனிடம் நீட்டினார். வேகம் நன்றாக இருக்கிறதாம், படமெல்லாம் உடனே இறங்குகிறதாம். ஆனாலும் முகத்தில் ஏதோ குறை.

"அந்தப் பொண்ணு வருவாளே, எங்கடா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"பூட்டித் தொறந்தா வருவாளே. தினம் ஒரு பிளவுஸு. முதுகுல டிசைன் எல்லாம் நல்லா கீது. மேல் வீட்டு அக்காவுக்கு அத பாத்துத்தான் ரெண்டு தச்சேன்."

மகன் லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் சொருகினான். ஒரு வரி தட்டினான். சக்சஸ். அம்மா பட்டனை அழுத்தினார். பச்சைப் பட்டில், கயிறு கட்டிய முதுகோடு ஒருத்தி திரும்பி நின்றாள். கீழே 'இப்போதே வாங்குங்கள்' என்று மினுங்கியது. அம்மா அதைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கழுத்தின் இறக்கம் எத்தனை இஞ்ச் இருக்கும் என்று பார்க்கத் தொடங்கினார்.