வேற பதில் இருக்கு, உம்மா



பெற்றார் கூட்டம் வைத்தால் எங்களிடம் வருகிற முதல் முறைப்பாடு ஒன்றுதான்: "டீச்சர், பிள்ளை கேமே கதின்னு கிடக்கு." நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம். சுட்டுத் தள்ளுகிற கேம்களைப் பற்றி எங்கள் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் நோன்பு லீவில் எங்கட சின்ன மகள் லெப்டொப்பில் விளையாடிய ஒன்றை, ஓர்ஸ் ஹில் வீட்டு விறாந்தையில் நாங்கள் இருவரும் பின்னால் இருந்து பார்த்துவிட்டோம். அதைத்தான் சொல்ல வந்தோம்.

பெயர் 'வெண்பா'. கனடாவில், டொரொன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023இல் வெளியிட்டது. மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். சண்டை இல்லை, புள்ளிகள் இல்லை. தாய் கொடுத்த, கிழிந்துபோன சமையல் கொப்பியை வைத்து இட்லி அவிக்க வேண்டும், பிட்டு அவிக்க வேண்டும். எது முதல், எது பிறகு என்று நாம்தான் யோசிக்க வேண்டும். பிட்டுக் குழல் வந்ததும் உம்மா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டா!

இடையிடையே பேச்சு வரும். வெண்பா என்ன பதில் சொல்வது என்று விளையாடுகிறவர் தெரிய வேண்டும். மகன் வளர்கிறான், தமிழ் குறைகிறது, விலகிப் போகிறான். ஒருநாள் அவன் வருகிறான் என்று அவ எல்லாம் சமைத்து வைக்கிறா. வர முடியாதென்று செய்திதான் வருகிறது.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் பிழையான பதில் தெரிஞ்சிட்டன்" என்று முதலிலிருந்து தொடங்கினா. ஒன்றரை மணித்தியாலம் போலத்தான் மொத்தமும். இந்த முறை எல்லாம் அன்பான பதில்கள். கவின் அப்பவும் வரவில்லை.

2012இல் வந்த 'த வோக்கிங் டெட்' கேமும் அப்படித்தான் என்று மகள் சொன்னா. எதைத் தெரிந்தாலும் லீயின் முடிவு மாறாதாம். அப்படியென்றால் தெரிவு எதற்கு என்று கேட்டோம். "சொன்னது நானாச்சே, வாப்பா" என்றா. படத்தில் தாய் அழுதால் நாம் பார்த்துக்கொண்டு இருப்போம். இதில் அந்தத் தாயின் வார்த்தையை அழுத்தியது நம்முடைய விரல். பிள்ளைகள் ஒரு பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்வதன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கட மூத்த மகன் கட்டாரில் என்று உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எடுப்பார். மூன்று பெருநாளாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் சொல்வது, "பரவாயில்ல மகன், வேலையப் பாருங்க."

போன வெள்ளியும் எடுத்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கஷ்டம் போல என்றார். உம்மா வழமையான பதிலுக்கு வாயெடுக்க, பின்னாலிருந்து சின்னவ மெதுவாகச் சொன்னா: "வேற பதில் இருக்கு, உம்மா."

உம்மா போனைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு, "பரவாயில்ல இல்ல மகன். உங்களப் பாக்கணும் போல இருக்கு" என்றா.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தோம். லீவு கேட்டுப் பார்க்கிறாராம்.