வெண்பாக்கத்து ஊன்றுகோல்

திருவள்ளூரிலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளது பூண்டி. சென்னைவாசிகளுக்கு அப்பெயரைக் கேட்டதும் நீர்த்தேக்கமே நினைவுக்கு வரும். அந்த நீர்ப்பரப்பின் அருகே தேவாரப் பாடல் பெற்ற தலமொன்று இருப்பதைப் பலர் அறியார். திருவெண்பாக்கம் என்பது அதன் பழம்பெயர். தொண்டை நாட்டுத் தலங்கள் 32-இல் ஒன்று. சுவாமியின் திருநாமம் ஊன்றீஸ்வரர். பார்வையிழந்து வந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு ஊன்றுகோல் அளித்ததால் அமைந்த திருநாமம் அது.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, "உன்னைப் பிரியேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தவர் சுந்தரர். வசந்த காலம் வந்தது. திருவாரூர்த் திருவிழாவின் நினைவு அவரை ஈர்த்தது. ஊரின் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் ஒளியிழந்தன. பிழை அவருடையதுதான். ஆயினும், பரவையாரிடம் தூது செல்லவும் தயங்காத தோழன் இந்த ஒரு சத்தியத்தில் இத்தனை கண்டிப்புக் காட்டுவான் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

வழித்துணையாக வந்தவர்கள் வழிகாட்ட, வட திருமுல்லைவாயிலைத் தொழுது வெண்பாக்கம் வந்து சேர்ந்தார். சந்நிதியில் நின்று, "பெருமானே, இங்கே இருக்கின்றீரா?" என்று கேட்டார். காண முடிந்தவன் கேட்க வேண்டாத கேள்வி அது. தாம் இருப்பதாகவும், அவர் தம் வழியே போகலாம் என்றும் உள்ளிருந்து விடை வந்தது. அயலார் சொல்வது போன்ற அந்த மறுமொழியைத் தாங்க மாட்டாமல் சுந்தரர் இத்தலத்தில் ஒரு பதிகமே பாடினார். ஏழாம் திருமுறையில் அது இடம்பெற்றுள்ளது. வேண்டியது கண், கிடைத்ததோ ஒரு கோல்.

கோபத்தில் அந்தக் கோலை அவர் வீசியெறிந்தார் என்றும், அது நந்தியின் மேல் பட்டு ஒரு கொம்பு ஒடிந்தது என்றும் தலபுராணம் கூறும். கொம்பு ஒடிந்த நந்தியை இன்றும் காணலாம். அடியார் இவ்வாறு சினம் கொள்ளலாமா என்று கேட்போர் உண்டு. நோயுற்ற வீட்டில் பூஜை அறைக்கு முன் நின்று சுவாமியிடம் உரக்கச் சண்டையிட்ட தாய்மார்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது. யாருமில்லை என்று நினைப்பவர் யாரிடம் கோபிப்பார்?

அம்பாள் இங்கே மின்னொளி அம்மை. சுந்தரர் வழியறியாது தடுமாறியபோது மின்னலாகத் தோன்றி வழிகாட்டினாள் என்பது ஐதிகம். பார்வையற்றவருக்கு மின்னல் எப்படித் தெரிந்தது என்று ஆராய்வதில் பயனில்லை. கண் திரும்பியது பிறகுதான். காஞ்சியில் ஏகம்பநாதர் அருளால் இடக்கண். நெடுவழி கடந்து ஆரூரை அடைந்த பின் வலக்கண். அதுவரை அவர் நடந்த ஊர்கள் பல. வெண்பாக்கத்துக் கோல் அந்த நடைக்காகவே தரப்பட்டது போலும்.

இத்தலத்துக்கே ஒரு சோதனை வந்தது. பழைய ஆலயம் குசத்தலை ஆற்றங்கரையில் இருந்தது. சென்னையின் குடிநீர்த் தேவைக்காக அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டு, 1940-இல் பணி தொடங்கிற்று. அப்போது சென்னை மேயராயிருந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. அணை 1944-இல் நிறைவெய்தியபோது அவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. வெண்பாக்கம் நீருக்குள் போயிற்று. தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றிய கோயிலிருந்த இடத்தின் மேல் தண்ணீர் நிற்பதைக் கரையிலிருந்து பார்த்த முதியவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மாநகரத்தின் தாகம் தீர வேண்டியதும் நியாயம்தான். இழந்தவர்களின் இழப்பும் மெய்தான்.

பெருமான் பூண்டிக்கு எழுந்தருளினார். புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1968-இல். அணை எழுந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊன்றுகோல் தந்தவரே வேற்றிடம் வந்து தங்க நேர்ந்ததை அடியார்கள் குறையாகக் கொள்ளவில்லை. கோலேந்திய சுந்தரரின் திருவுருவமும் இங்கே உண்டு. கைத்தடி ஊன்றி வரும் பெரியவர்கள் அவர் முன் சற்று நேரம் கூடுதலாகவே நிற்பார்கள்.

திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் பேருந்துகள் உள்ளன. காலையில் புறப்பட்டால் அன்றைக்கே திருவாலங்காட்டையும் தரிசித்துத் திரும்பலாம். சுந்தரரும் இங்கிருந்து அங்கேதான் சென்றார். கையில் கோல் இருந்தது. கண் இன்னும் வரவில்லை.